கறுப்பா, வெளுப்பா

லின் லேக், மானிடோபா, கனடா
3 பிப்ரவரி 1983

மீட்டர் கம்பெனியின் பொறுப்பாளருக்கு,

என் பெயர் ரூனா ஹால்டர்சன். விமானி. ஏரிகள் உறைந்ததும் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு பறக்கிற வடக்கத்தி விமானி. சாலை போகாத ஊர்களுக்குத் தபால், மருந்து, முட்டை, சவப்பெட்டி எல்லாம் என்னைப் போன்றவர்களோடுதான் போகிறது.

உங்கள் கம்பெனியின் பெட்ரோல் மீட்டரை எங்கள் முதலாளி கார்ல் பெட்ரி போன அக்டோபரில் வாங்கினார். முள் கிடையாது. சின்ன ஜன்னலில் கறுப்பு எண்கள் மட்டும். தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். பழைய முள் மீட்டர்கள் இரண்டு உண்டு. ஒன்று அசையாது, இன்னொன்று ஆடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உங்களுடையது வந்தது.

ஜனவரி 20 அன்று காலையிலிருந்து பல ஊர்களில் இறங்கி ஏறியிருந்தேன். கடைசியாகத் தடூல் ஏரியில் ஐலீன் மெக்காஸ்கில் ஏறிக்கொண்டாள். அங்கே மருத்துவமனையில் நர்ஸ். என் சிநேகிதி. இருவரும் தெற்கே, வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தோம். எதிர்க்காற்று. பாதி வழியில் உங்கள் மீட்டரைப் பார்த்தேன். எண் இல்லை. தட்டினேன். இல்லை. ஆடுகிற முள் அடியில் கிடந்தது. முன்னால் காடு, கீழே ஒரு ஏரி. பெட்ரோல் எவ்வளவு என்று தெரியாமல் காட்டுக்கு மேல் போக நான் தயாராக இல்லை. இறங்கினேன்.

பனிக்கடியில் ஐஸ் மேடு ஒன்று இருந்திருக்கிறது. சறுக்குக் கட்டையின் கால் முறிந்து விமானம் சிறகில் சாய்ந்தது. மறுநாள்தான் ஆள் வந்தார்கள். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்ததில் ஐலீனுக்கு வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று.

தொட்டியில் வீடு வந்து சேர்ந்த பிறகும் மிஞ்சுகிற அளவு பெட்ரோல் இருந்ததாம். மீட்டரைப் போட்டுப் பார்த்தால் எண் பளிச்சென்று வருகிறதாம்.

என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் விசாரணை. உங்கள் மீட்டர் கெட்டுப்போகும் என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். அது போதும்.

ரூனா ஹால்டர்சன்


கென்ட், ஒஹையோ
14 பிப்ரவரி 1983

மதிப்பிற்குரிய ரூனா ஹால்டர்சன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் முதலாளி லூசில் பார்ன்ஸ் என் மேஜையில் வைத்துவிட்டு, "எமெரி, இது உன் ஜன்னல். நீயே பதில் எழுது," என்றார். மீட்டரின் மற்ற பாகங்களை வேறு ஆட்கள் செய்கிறார்கள். எண் தெரிகிற அந்த ஜன்னலைச் செய்தவன் நான். எமெரி ஹோர்வத்.

உங்கள் சிநேகிதிக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். இந்த வரியை எழுதி எழுதி அடித்தேன்; எப்படி எழுதினாலும் போதவில்லை.

கெட்டுப்போகும் என்று எழுதித் தர எனக்குத் தடையில்லை. ஆனால் எப்படிக் கெட்டது என்று தெரியாமல் எழுதினால் விசாரணைக்காரர்கள் அடுத்த கேள்வியிலேயே அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஜன்னலுக்குள் இருப்பது திரவப் படிகம். எண்ணெய் போல ஓடும்; ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல ஒரே திசை பார்த்து அணிவகுக்கும். ஒவ்வொன்றும் பென்சில் மாதிரி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத இடைவெளியில் இவை படுத்திருக்கின்றன. அடித்தகட்டில் கிழக்கு மேற்காக, மேல்தகட்டில் வடக்கு தெற்காக. இடையில் உள்ளவை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, சுழல் படிக்கட்டு மாதிரி நிற்கும். வெளிச்சம் அந்தப் படிக்கட்டில் திரும்பித் திரும்பி இறங்கி, அடியில் பட்டு, அதே வழியில் ஏறி வெளியே வரும். அப்போது ஜன்னல் வெளுப்பாகத் தெரியும். மின்சாரம் கொடுத்த இடத்தில் மட்டும் பென்சில்கள் எழுந்து நின்றுவிடும். படிக்கட்டு கலைந்துபோகும். வெளிச்சத்துக்கு வழி இருக்காது. அந்த இடம் கறுப்பாகும். அந்தக் கறுப்புக் கோடுகள்தான் நீங்கள் பார்க்கிற எண்.

கம்பி விட்டுப்போனால் பென்சில்கள் மறுபடி படுத்துக்கொள்ளும். எண் மறைந்து ஜன்னல் முழுக்க வெளுத்துவிடும். கடுங்குளிர் என்றால் உள்ளே இருப்பது தேன் போல இறுகி, எண் மாற நேரம் பிடிக்கும். பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். சுவாரசியமான விஷயம், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு முகம்.

ஆகவே ஒரே கேள்வி. எண் மறைந்தபோது ஜன்னல் கறுப்பா, வெளுப்பா?

எமெரி ஹோர்வத்


லின் லேக்
24 பிப்ரவரி 1983

திரு. ஹோர்வத்,

கறுப்பு. கரும்பலகை மாதிரி, ஓரத்துக்கு ஓரம்.

உங்களுக்கு இது சுவாரசியமான விஷயம். எனக்கு இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நேற்று கார்ல் பெட்ரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இவ்வளவு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. "உனக்குப் பயம் வந்துடுச்சு, ரூனா. எல்லாருக்கும் ஒருநாள் வரும். அதைப் போய் மீட்டர் மேல போடாதே," என்றார். கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னார்.

சறுக்குக் கட்டையின் முறிந்த காலை மாற்றி, ஏரியிலிருந்து விமானத்தை ஓட்டி வந்த பையனுக்கு வழி நெடுக எண் தெரிந்ததாம். எங்கள் மெக்கானிக் டெனிஸ் மீட்டரை ராத்திரி முழுக்க வெளியில் வைத்துப் பார்த்தான். எண் சோம்பேறியாக மாறியதாம், நீங்கள் எழுதிய மாதிரியே. ஆனால் கறுக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். ஐலீன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் வந்திருக்கிறது. உங்கள் மீட்டர் இருப்பது, மீட்டர்கள் எல்லாம் பொருத்திய முன்பலகையின் வலது கோடியில், பயணியின் இருக்கைக்கு நேர் எதிரே. வேறு ஓட்டை இல்லாததால் டெனிஸ் அங்கேதான் பொருத்தினான். அதாவது ஐலீனின் முகத்துக்கு முன்னால். அவள் எழுதியிருப்பது இது: "எண் கடைசி வரைக்கும் தெரிஞ்சுது. ஒரு தடவைகூட மறையலை. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஐலீன் பொய் சொல்ல மாட்டாள். எனக்கு எதிராகச் சொல்வதற்கு அவளுக்கு இரண்டு விரல் அளவு காரணம் இருக்கிறது, ஆனாலும் சொல்ல மாட்டாள். ஆக, இல்லாததைப் பார்த்தது நான். அல்லது இருப்பதைப் பார்க்காதது நான்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. போய் என்ன சொல்வது?

கறுப்பு என்றேனே. அதற்கு என்ன முகம்?

ரூனா ஹால்டர்சன்


கென்ட்
5 மார்ச் 1983

அன்புள்ள ரூனா அவர்களுக்கு,

'சுவாரசியம்' என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு அந்த வியாதி உண்டு. என் மனைவியைக் கேட்டால், நான் அவளை விட்டுப் போனதற்கும் சேர்த்து அதையேதான் காரணமாகச் சொல்வாள். இல்லை, தப்பாக எழுதிவிட்டேன், போனது அவள்.

உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முழு ஜன்னலும் கறுப்பாவதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருக்கிறது: சூடு. அளவுக்கு மேல் சூடானால் பென்சில்களின் அணிவகுப்பே கலைந்து, உள்ளே இருப்பது வெறும் எண்ணெயாகிவிடும். படிக்கட்டே இல்லை, வெளிச்சமும் திரும்பாது. லூசிலின் ஹேர் டிரையரை வாங்கி ஒரு மீட்டரின் மேல் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து இருட்டு பரவி, ஓரத்துக்கு ஓரம் கரும்பலகையானது. ஆற விட்டதும் எண் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் சொன்ன அதே காட்சி. இறங்கிய பிறகு எண் வந்ததற்கும் இது பொருந்துகிறது.

பொருந்தாதது ஒன்றே ஒன்று. வெந்நீர்ச் சூடு வேண்டும். நீங்களோ ஜனவரியில், மானிடோபாவில்.

ஹீட்டர் குழாய் எதுவும் அந்தப் பக்கம் ஊதுகிறதா? வெயில் நேராக அதில் விழுமா? இதற்கு முன் எப்போதாவது இப்படி ஆனதா? அன்று நடந்ததை முதலிலிருந்து எழுதுங்கள். தேவையில்லை என்று தோன்றுவதையும் விடாதீர்கள்.

இன்னொன்று. இருவரில் ஒருவர் தவறாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்கு வர மனமில்லை.

எமெரி


லின் லேக்
15 மார்ச் 1983

திரு. ஹோர்வத்,

ஹீட்டர் ஊதுவது என் காலடியில், இடது பக்கம். வலது பக்க ஜன்னலின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. உங்கள் கணக்குப்படி ஐலீனின் முழங்கால் வெந்திருக்க வேண்டும். அவளுக்கு உறைந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டெனிஸ் சிரித்தான். "ஒஹையோக்காரன் வாழ்நாள்ல விமானத்துல உக்காந்திருக்க மாட்டான்," என்றான். உண்மையா?

கேட்டதால் எழுதுகிறேன். இதுதான் கடைசிக் கடிதம்.

முன்பும் ஆனது உண்டு. அக்டோபரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு சில தடவை. பார்க்கும்போது கறுத்திருக்கும், இறங்கியதும் சரியாகிவிடும். டெனிஸிடம் சொன்னேன். அவன் வலது இருக்கையில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பான், எண் வரும். நான் விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் வடக்கே போகும்போது ஆனதாக நினைவில்லை. எல்லாம் வீட்டுக்குத் திரும்பும்போதுதான். மேகமூட்டமான நாளிலும் ஆனதில்லை. இதற்கு ஏதாவது அர்த்தம் இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு: தடூல் ஏரியில் டீ குடித்தேன். ஐலீன் பெட்டியும் ஒரு கேக்கும் கொண்டுவந்தாள். ஏறினோம். மத்தியானம். இந்த மாதங்களில் இங்கே சூரியன் மேலே ஏறுவதே இல்லை. தெற்கே, மரங்களுக்குக் கொஞ்சம் மேலே தொங்கும். தெற்கே பறந்தால் நேராக முகத்தில் அடிக்கும். கீழே பனியும் திருப்பி அடிக்கும். வெயில் மறைப்பை இறக்கினேன். கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டேன். ஐலீன் கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். காற்று எதிரே இருந்ததால் பெட்ரோலைப் பார்க்கலாம் என்று வலது பக்கம் சாய்ந்தேன். மீட்டர் அந்தக் கோடியில் இருப்பதால் சாயாமல் பார்க்க முடியாது. கறுப்பு. இன்னும் சாய்ந்து தட்டினேன். கறுப்பு.

ஐலீனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பயணியைப் பயப்படுத்தக் கூடாது. இறங்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். விசாரணை ஏப்ரல் 12.

ரூனா ஹால்டர்சன்


கென்ட்
23 மார்ச் 1983

ரூனா,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். அந்தக் கூலிங் கிளாஸ் எப்போது வாங்கியது?

இதைப் படித்ததும் எப்படியாவது அந்த விமானத்துக்குள் போய் உங்கள் இருக்கையில் உட்காருங்கள். டெனிஸையும் கூப்பிட்டு வலது இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். மீட்டரைப் போடுங்கள். முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். பிறகு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, எப்போதும் சாய்கிற மாதிரியே சாய்ந்து பாருங்கள். அப்படியே இருந்தபடி டெனிஸிடம் எண் என்ன என்று கேளுங்கள்.

என்ன தெரியும் என்று நான் எழுத மாட்டேன். விசாரணையில் யாராவது "அந்த ஆள் சொல்லிக்கொடுத்தானா?" என்று கேட்டால் நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டும்.

எமெரி

டெனிஸ் சொன்னது உண்மை. விமானத்தில் உட்கார்ந்ததே இல்லை. பயம்.


லின் லேக்
31 மார்ச் 1983

எமெரி,

கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டுக்கு வின்னிபெக் போயிருந்தபோது வாங்கினேன். மீன்பிடி சாமான் கடையில். தண்ணீர் மேல் வெயில் கூசாது, பனி மேலும் கூசாது என்று கடைக்காரர் சொன்னார். உண்மையிலேயே கூசவில்லை. வாங்கியதிலேயே நல்ல பொருள் இதுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கார்ல் சாப்பிடப் போனபோது டெனிஸ் ஷெட்டைத் திறந்துவிட்டான். வெறுங்கண்ணால் பார்த்தேன், எண் இருந்தது. கண்ணாடியை மாட்டினேன், கொஞ்சம் மங்கியது, ஆனால் இருந்தது. சாய்ந்தேன். போய்விட்டது. விளக்கை அணைத்த மாதிரி அல்ல. கூடவே யாரோ திரையை இழுத்துக்கொண்டே வந்த மாதிரி, நான் சாயச் சாய இருட்டிக்கொண்டு வந்தது.

டெனிஸிடம் கேட்டேன். "முப்பத்தொண்ணு," என்றான். மறுபடி கேட்டேன். "முப்பத்தொண்ணுதான், ரூனா. உனக்குத் தெரியலையா?" அவன் மூக்குக்கு முன்னால் இருக்கிறது. எனக்கு அங்கே ஒரு கறுப்புச் சதுரம்.

பிறகு அவன் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு என் இருக்கையில் உட்கார்ந்தான். சாய்ந்தான். நிமிர்ந்தான். சாய்ந்தான். கடைசியில், "நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கமே உக்காந்து பாத்தேன்," என்றான்.

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பீர்கள். பைத்தியம் இல்லை என்று தெரிந்துவிட்டது, சரி. ஆனால் எமெரி, கண்ணாடியைக் கழற்றியிருந்தால் போதும். கையை முகத்துக்குக் கொண்டுபோகிற வேலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மீட்டர் எரிந்துபோயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதை விசாரணையில் சொல்வதா என்றே யோசிக்கிறேன். மீட்டரில் பழுது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்துவிடும். முதலில் கேட்டதும் அதைத்தான்.

ரூனா


கென்ட்
6 ஏப்ரல் 1983

அன்புள்ள ரூனா,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில். எழுதித் தர மாட்டேன். மீட்டரில் பழுது இல்லை. கண்ணாடியிலும் இல்லை. இரண்டும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தன. சேர்ந்தபோதுதான் உங்களைக் கைவிட்டன. அதை எழுதி, லூசிலும் நானும் கையெழுத்துப் போட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். தபால் பெட்டியின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படுக்கை வசமாகப் பிடித்தால் உள்ளே போகும். நிமிர்த்திப் பிடித்தால் போகாது. வெளிச்சம் எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. எங்கள் ஜன்னலின் மேல் ஒரு சாம்பல் நிறத் தாள் ஒட்டியிருக்கிறோம். ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் தாள். அது இல்லாமல் படிக்கட்டு வேலை செய்யாது. நான் அதைக் குறுக்குச் சாய்வாக வைத்தேன், இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் எண் ஒரே மாதிரி தெரியட்டும் என்று. உங்கள் கூலிங் கிளாஸிலும் அதே மாதிரித் தாள்தான் இருக்கிறது. பனியில் பட்டு வருகிற கூச்சம் பெரும்பாலும் படுக்கை வசத்தில் அதிர்வதால், அதைத் தடுக்க நிமிர்ந்த வாய் வைத்திருக்கிறார்கள். தலை நேராக இருந்தால் எங்கள் சாய்வு வெளிச்சத்தில் பாதியாவது நுழையும். வலது பக்கம் சாய்ந்தால் இரண்டு வாயும் குறுக்கும் நெடுக்குமாகிவிடும். ஒன்றும் நுழையாது. இடது பக்கம் சாய்ந்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

மற்ற விமானங்களில் மீட்டர் நேர் எதிரே இருக்கிறது. எண் கொஞ்சம் மங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்களுடையதில்தான் கோடியில் இருந்தது.

நான் இந்த ஜன்னலைக் குளிர வைத்தேன், காய வைத்தேன், குலுக்கினேன், உப்புத் தண்ணீர் தெளித்தேன். பறக்கிற ஒருவர் கூலிங் கிளாஸ் போடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லைப் படித்ததும் ஓடிப்போய் லூசிலின் காரிலிருந்து அவர் கண்ணாடியை எடுத்துவந்து மாட்டித் தலையைச் சாய்த்தேன். கறுத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். சந்தோஷத்தில். பிறகுதான் உங்கள் சிநேகிதியின் விரல்கள் நினைவு வந்தன. வெட்கமாக இருந்தது, இன்னமும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சந்தோஷம் வரவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

லூசிலிடம் காட்டினேன். ரொம்ப நேரம் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். பிறகு, "எத்தனை மீட்டர் வெளியில போயிருக்கு? வாங்கின ஒவ்வொருத்தருக்கும் எழுதணும். இன்னைக்கே," என்றார். எழுதிவிட்டோம். எழுதினால் வரப்போகிற ஆர்டர் போகும் என்று அவருக்குத் தெரியும். போய்விட்டது.

அதுவரை ஒரு கைவைத்தியம். சிகரெட் பெட்டியின் மேல் சுற்றியிருக்கிற கண்ணாடித் தாளை வெட்டி மீட்டரின் மேல் நேராக ஒட்டுங்கள். ஒரு துண்டு உள்ளே வைத்திருக்கிறேன். அது வெளிச்சத்தின் அதிர்வைத் திருப்பிவிடும். அதற்குப் பிறகு இடது பக்கம் சாய்ந்தால் கறுக்கும், வலது பக்கம் தெரியும். உங்கள் இடது பக்கம் கதவுதானே இருக்கிறது.

இதை எல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று. ஐலீன் பார்த்தது சரி. நீங்கள் பார்த்ததும் சரி. ஒரே ஜன்னல், ஒரே நிமிடம். இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் விசாரணைக்காரர் அல்ல என்பது என் எண்ணம். எனக்குச் சொல்ல உரிமை இல்லை.

எமெரி


லின் லேக்
21 ஏப்ரல் 1983

அன்புள்ள எமெரி,

உங்கள் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் வந்தது. உடனே ஐலீன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

விசாரணையில் மூன்று பேர். மீட்டரை மேஜையில் வைத்து, அதன் முன்னால் ஒரு நாற்காலி, இடது பக்கம் தள்ளி ஒரு நாற்காலி போடச் சொன்னேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாய்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் சாய்ந்தார். மூன்றாமவர் தன் முறைக்குக் காத்திருக்க முடியாமல் வெறுங்கண்ணோடே சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள், அதற்கு நான் கோபித்துக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

பிறகு தலைவர் கேட்டார்: "கண்ணாடியைக் கழட்டிப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணலை," என்றேன். "கண்ணாடி போட்டதாலதான் வெளியில எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. தெளிவாக் காட்டுறதை யாரு சந்தேகப்படுவா?"

"பக்கத்துல இருந்தவங்ககிட்ட எண் தெரியுதான்னு கேட்டிருக்கலாமே?"

"பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பயணியைக் கேக்குற பைலட்டோட நீங்க ஏறுவீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை வைத்து இறங்கியது நியாயம்தான் என்று எழுதியிருக்கிறார்கள். பயணியைக் கேட்டிருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒத்துக்கொண்டேன். கார்ல் மன்னிப்புக் கேட்கவில்லை. "திங்கக்கிழமை வா," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது. மீட்டரை நடுவில் பொருத்தினால் வருவேன் என்றேன். டெனிஸ் ஏற்கனவே பலகையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

விசாரணைக்கு மறுநாள் மீட்டரையும் ஒரு பேட்டரியையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு ஐலீன் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, கட்டுப் போட்ட கையால் உள்ளே வரச் சொன்னாள். மேஜையில் வைத்துக் காட்டினேன். அவளாகவே சாய்ந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள். ரொம்ப நேரம்.

"அன்னைக்கு எண் தெரிஞ்சுதுன்னு எதுக்கு எழுதினே?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்க நினைத்தது அது அல்ல.

"தெரிஞ்சுது, எழுதினேன். பறக்குறதுன்னா எனக்குப் பயம். வெளியில பாக்க மாட்டேன். அந்த எண்ணையேதான் பாத்துட்டு வருவேன். அது குறையக் குறைய வீடு பக்கத்துல வருதுன்னு கணக்கு. இத்தனை வருஷமா உன்கிட்ட சொன்னதில்லை, நீ கேலி பண்ணுவேன்னு."

நான் மீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"என்னைக் கேட்டிருக்கலாம், ரூனா."

"கேட்டிருக்கலாம்."

"விரலுக்காக நான் உன்மேல கோபப்படலை. நீ ஆஸ்பத்திரிக்கு வரலை பாரு, அதுக்குத்தான். தினம் கதவைப் பாத்துட்டுக் கிடந்தேன். டெனிஸ் வந்தான். கார்ல் வந்தார். நீ வரலை."

அவள் டீ போட எழுந்தாள். நான் போடுகிறேன் என்றதற்கு, "உக்காரு, எட்டு விரல்ல டீ வராதா?" என்றாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் சீப்பு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மீட்டருக்கு முன்னால் சும்மா அதைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். எமெரி, சீப்பின் பற்களுக்கு அடியில் வானவில் ஓடுகிறது. ஊசி மருந்துக் குழாயைப் பிடித்தோம், அதிலும். கண்ணாடித் தம்ளரில் ஒன்றுமில்லை. தண்ணீரில் ஒன்றுமில்லை. ரொட்டி சுற்றிய தாளில் பச்சையும் சிவப்பும். வீட்டில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய பொருள் எது இருந்தாலும் எடுத்துவந்தோம். இருட்டும் வரை இதே வேலை.

நேற்றுக் காலை மறுபடி போனேன். ராத்திரி ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்திருக்கிறாள், மெல்லிசாக உறைந்திருந்தது. அந்த ஐஸ் தகட்டைப் பெயர்த்து மீட்டருக்கு முன்னால் பிடித்தாள். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஜன்னல் கண்ணாடி போல. கூலிங் கிளாஸில் பார்த்தால் தகடு முழுக்கத் துண்டு துண்டாக நிறங்கள். ஒரு துண்டு நீலம், பக்கத்தில் மஞ்சள், அதற்கடுத்து ஊதா. திருப்பினால் நீலம் அணைந்து வேறொன்று எரிகிறது. இத்தனை வருடம் ஐஸின் மேல் இறங்கி ஏறியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

தண்ணீரில் இல்லாத நிறம் ஐஸில் எங்கிருந்து வருகிறது? துண்டுகளுக்கு நடுவே அந்தக் கோடுகள் என்ன? உங்கள் பென்சில்கள் இதற்குள்ளும் இருக்கின்றனவா? ஐலீன் கேட்கச் சொன்னாள். விவரமாக எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் படிப்போம்.

நான் ஐஸை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், பிடித்துப் பிடித்துக் கை விறைத்துப்போயிருக்குமே என்று. அவள் தரவில்லை. "நீ பாரு," என்றாள். "இந்த ரெண்டு விரலுக்கும் குளிர் தெரியறதில்லை. நான் பிடிச்சுக்கிறேன்."

ரூனா